கப்பியா, வளையமா? பாய்க்கப்பலில் கயிறு திரும்பும் இடத்தின் கதை

கிழக்கேகோட்டையைச் சுற்றிக் குடியிருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களில், கிணற்றில் தண்ணீர் இறைக்கும் சக்கரத்துக்கு என்ன பெயர் என்று கேட்டுப் பாருங்கள். மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவர் ராட்டினம் என்பார். சகடை என்போரும் உருளை என்போரும் உண்டு. நாகர்கோவில்காரரும் அடுத்த வீட்டு மலையாளியும் மட்டும் ஒரே சொல்லைச் சொல்வார்கள்: கப்பி. சென்னையிலிருந்து புதிதாக வந்தவருக்கு இது குழப்பம்தான். அவருக்குக் கப்பி என்றால் ரோடு போடுகிற கல். ஆனால் கப்பலில் கயிறு ஓடும் உருளைக்கும் கப்பி என்றே பெயர். தூத்துக்குடித் தோணிக்காரர் நாவிலும் அந்தச் சொல்தான் இருந்தது.

இந்தச் சொல்லைப் பற்றி இவ்வளவு யோசிக்க வேண்டி வந்ததற்குக் காரணம், நம் சங்கத்து உறுப்பினர் ஒருவரின் மகள். கல்லூரியில் என்.சி.சி. கடற்படைப் பிரிவில் இருக்கிறாள், பாய்ப்படகு ஓட்டுகிறாள். அவள் பழகும் சிறு படகுக்குக் கயிற்றுச் சாமான்களை மாற்ற வேண்டுமாம். நான் பௌதிகம் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்பதால் என்னிடம் வந்தாள். “மாமா, பிளாக்குக்குப் பதிலா வளையம் போட்டாலே போதும்னு சொல்றாங்க. அதுல சக்கரமே இல்லியே, கயிறு எப்படி ஓடும்?” என்றாள். நியாயமான கேள்வி.

அவள் சொன்ன வளையத்தை ஆங்கிலத்தில் லோ ஃப்ரிக்ஷன் ரிங் என்கிறார்கள். நாம் குறை உராய்வு வளையம் எனலாம். நம் உளுந்து வடையை அலுமினியத்தில் வார்த்து, மெருகேற்றி, மேலே கெட்டியான ஆக்ஸைடு பூச்சு கொடுத்தால் எப்படியிருக்குமோ அதுதான். வெளி விளிம்பில் ஒரு பள்ளம் ஓடும். அதில் ஒரு கயிற்றைச் சுற்றிப் படகோடு கட்டிவிடலாம். நடு ஓட்டை வழியாக இயங்கும் கயிறு போகும். அச்சாணி கிடையாது, சக்கரம் கிடையாது, குண்டு பேரிங் கிடையாது. கயிறு வழுக்கிக்கொண்டு போக வேண்டும், அவ்வளவே. கடலோடும் பந்தயப் படகுகளில் கடந்த இருபது ஆண்டுகளாக இது பரவியிருக்கிறது. ஆகவே பலரும் இதைப் புதுக் கண்டுபிடிப்பு என்று நினைக்கிறார்கள். சரித்திரம் வேறு மாதிரி சொல்கிறது.

செங்கடலின் எகிப்துக் கரையில் குசெய்ர் அல்-காதிம் என்று ஓர் இடம். ரோமானியர் காலத்தில் அதற்கு மியோஸ் ஹோர்மோஸ் என்று பெயர். நம் மேற்குக் கரை மிளகு ஏற்றிய கப்பல்கள் போய்ச் சேர்ந்த துறைகளில் அது ஒன்று. அங்கே கிடைத்த பானை ஓடுகளில் தமிழ்ப் பிராமி எழுத்துகள் இருந்த செய்தியை நம்மவர்கள் பெருமையோடு சொல்வதுண்டு. ஒரு சாடியின் ஓட்டில் ‘பானை ஒறி’ என்றிருப்பதாக ஐராவதம் மகாதேவன் வாசித்தார். ஒறி என்பது உறி. கயிற்றில் தொங்கவிடும் பானை. அங்கேயும் கயிறுதான் வருகிறது பாருங்கள்!

இந்தப் பெருமையில் நாம் கவனிக்காமல் விட்டது ஒன்று உண்டு. அதே குசெய்ரில் 1999 முதல் 2003 வரை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தார் தோண்டியபோது, மரத்திலும் கொம்பிலும் கடைந்த சிறு வளையங்கள் நிறையக் கிடைத்தன. பாயின் முகப்பில் வரிசையாகத் தைத்து வைக்கும் வளையங்கள் அவை. கயிறு ஒவ்வொன்றின் வழியாகவும் மேலே போகும். காற்று மிஞ்சினால் கீழிருந்து அந்தக் கயிறுகளை இழுப்பார்கள். வாசலில் தொங்கும் மூங்கில் தட்டியைச் சுருட்டுவது போலப் பாய் மேலே சுருங்கும். வளையத்தோடு சேர்ந்த பருத்திப் பாய்த் துண்டும் அங்கே அகப்பட்டது. அதன் நூல் முறுக்கு இந்திய வகை என்று துணி ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். ஆக, 2000 ஆண்டுகளுக்கு முன் இந்தியப் பருத்தியில் தைத்த பாய் ஒன்றில் சக்கரமில்லாத வளையம் வேலை செய்திருக்கிறது. கப்பலில் உருளையுள்ள கப்பியும் அக்காலத்திலேயே உண்டு. அப்படியிருந்தும் பாயின் முகத்தில் கப்பியை வைக்காமல் வளையத்தை வைத்தார்கள் என்றால், அதில் ஒரு கணக்கு இருக்க வேண்டும்.

கணக்குக்குப் போகுமுன் நம் கோட்டை வாசலுக்கு வருவோம். 1741இல் குளச்சலில் டச்சுக் கம்பெனியாரை மார்த்தாண்ட வர்மா தோற்கடித்த கதையை இங்கே வளர்ந்த பிள்ளைகள் பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்பார்கள். பிடிபட்ட டி லனாய் பிறகு திருவிதாங்கூரின் படைத்தலைவரானார், படையையும் கோட்டைகளையும் சீர்திருத்தினார், 1777இல் இறந்தார். உதயகிரிக் கோட்டைக்குள் அவர் கல்லறை இருக்கிறது, அதில் லத்தீனோடு தமிழும் பொறித்திருக்கிறது. 1956 நவம்பர் 1 முதல் குளச்சலும் உதயகிரியும் தமிழ்நாட்டில். நாம் இந்தப் பக்கம்.

டி லனாய் வந்திறங்கிய காலத்து ஐரோப்பியக் கப்பல் ஒன்றை மனக்கண்ணில் கொண்டுவாருங்கள். அதில் கப்பியும் வளையமும் இரண்டும் இருக்கும், ஆனால் இடம் மாறாது. பாயை ஏற்றும் கயிறு, பாயின் கீழ் மூலையை இழுக்கும் கயிறு ஆகியவற்றுக்குக் கப்பி. பாய்மரம் சாயாமல் இரு பக்கமும் தாங்கும் கனத்த கயிறுகளின் அடியில் கப்பி கிடையாது. அங்கே வட்டமான கட்டையில் மூன்று ஓட்டை போட்டு, அப்படி இரண்டு கட்டைகளை மெல்லிய கயிற்றால் மாற்றி மாற்றிக் கோத்து இறுக்கியிருப்பார்கள். மூன்று ஓட்டையும் சேர்ந்து ஒரு மண்டையோட்டின் முகம் போலத் தெரியும். ஆங்கில மாலுமிகள் அதற்கு டெட் ஐ, அதாவது செத்த கண் என்று பெயர் வைத்தார்கள். அந்தக் கயிற்றைத் தினமும் யாரும் இழுக்கப் போவதில்லை. இறுக்கும்போது கொஞ்சம் அசையும், பிறகு மாதக்கணக்கில் அப்படியே நிற்கும். நகராத இடத்தில் சக்கரம் எதற்கு?

நகரும் இடங்களோ கணக்கற்றவை. பெரிய போர்க்கப்பல் ஒன்றுக்கு ஏறத்தாழ ஆயிரம் கப்பி தேவைப்பட்டது. நெப்போலியன் யுத்த நாளில் பிரிட்டிஷ் கடற்படைக்கு ஆண்டுதோறும் லட்சம் கப்பிக்கு மேல் வேண்டியிருந்தது. அத்தனையும் கையால் செய்ய ஆள் போதவில்லை. மார்க் பிரூனல் வரைந்து, ஹென்றி மாட்ஸ்லி செய்து கொடுத்த 45 இயந்திரங்கள் போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் ஓடத் தொடங்கின. 1808 வாக்கில் ஆண்டுக்கு 1,30,000 கப்பிகள் வெளிவந்தன. 110 கைவினைஞர் செய்த வேலையைத் தேர்ச்சியில்லாத பத்துப் பேர் செய்தார்கள் என்பது பொருளாதார வரலாற்றில் அடிக்கடி சொல்லப்படும் கணக்கு. இயந்திரத்தால் இயந்திர உறுப்பைப் பெருமளவில் செய்வது உலகில் அங்கேதான் முதலில் நிலைபெற்றது என்பார்கள். அந்த நூறு பேரும் அப்புறம் என்ன ஆனார்கள் என்று அந்தப் புத்தகங்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.

ஏன் இவ்வளவு கப்பி? இங்கேதான் கயிறு பேசுகிறது. அன்றைக்கு இருந்தது சணல் கயிறு, தாரில் ஊறியது, கைத்தடிமன். நம் பக்கத்தில் தென்னை நார்க் கயிறு. அயர்லாந்துக்காரர் ஜேம்ஸ் டாரா 1859இல் ஆலப்புழையில் கயிற்றுத் தொழிற்சாலை தொடங்குவதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பே நம் கரைப் பெண்கள் திரித்த கயிறு அரபிக் கடல் முழுவதும் போய்க்கொண்டிருந்தது. உப்பு நீரில் அழுகாது, அலை அடித்தால் இழுபட்டுக் கொடுக்கும். அருமையான கயிறு. ஆனால் தொட்டுப் பாருங்கள், உள்ளங்கை சொல்லும். முள் முள்ளாக நிற்கிற அந்த நாரை ஓர் ஓட்டை வழியாக அப்படியே திருப்பி இழுத்தால் என்ன ஆகும்?

கயிறு ஒரு பரப்பைச் சுற்றித் திரும்பும்போது நாம் இழுக்கிற விசை முழுவதும் மறுமுனைக்குப் போய்ச் சேராது. எவ்வளவு குறையும் என்பதை 18ஆம் நூற்றாண்டில் ஆய்லர் கணக்காக்கினார். அந்தக் கணக்கில் ஒரு விசித்திரம்: வளையம் பெரிதா சிறிதா என்பது வராது. உராய்வு எவ்வளவு, கயிறு எத்தனை டிகிரி திரும்புகிறது, இந்த இரண்டு மட்டும்தான் வரும். சொரசொரப்பான கயிறும் மரமும், உராய்வுக் கெழு 0.3 என்று வைத்துக்கொள்வோம். கயிறு போன வழியே திரும்பி வந்தால், அதாவது 180 டிகிரி, நாம் 100 கிலோ விசையில் இழுத்தால் மறுபக்கம் 39 கிலோதான். மீதி 61 கிலோவை வளையம் விழுங்கிவிடும். அதே கயிறு 30 டிகிரி மட்டும் லேசாகத் திரும்பினால் 85 கிலோ போய்ச் சேரும்.

செங்கடல் பாயில் வளையம் இருந்ததன் ரகசியம் இதுதான். அங்கே கயிறு பாயின் மேலேயே நேராக ஏறுகிறது, ஒவ்வொரு வளையத்திலும் திருப்பம் மிகக் கொஞ்சம், பாரமும் குறைவு. பாய்மர உச்சியிலோ கயிறு முழுசாகத் திரும்பிக் கீழே வர வேண்டும், அதுவும் பருமலோடு சேர்ந்த பாயின் எடையைத் தூக்கிக்கொண்டு. அங்கே வளையத்தை வைத்தால் ஆள் செத்தான்.

தூத்துக்குடித் தோணியிலும் இதே நியாயம்தான் நடந்தது. என் தகப்பனார் அங்கே ஒரு தோணி ஏஜெண்டு அலுவலகத்தில் கணக்கெழுதியவர். கடலுக்குப் போனவர் அல்லர், ஆனால் சாமான் கணக்கு எழுதி எழுதிப் பெயர்களெல்லாம் அவருக்குப் பாடம். பாயை ஏற்றும் கயிறு ஆஞ்சான். பாயின் மூலையை இழுத்துக் காற்றுக்கு ஏற்பப் பிடிக்கும் கயிறு தாமான். பாயைத் தாங்கும் குறுக்கு மரம் பருமல். தோணியை நடத்துபவர் தண்டல். “தண்டலுக்குக் கப்பி கத்துறது காதுல விழுந்தாப் போதும்டா, எந்தக் கப்பின்னு சொல்லிருவாரு” என்பார் அப்பா. கத்துகிற கப்பிக்குக் கொழுப்போ மீன் எண்ணெயோ போடுவார்கள். சக்கரம் அடியோடு சிக்கிவிட்டால் கயிறு நின்றுபோன சக்கரத்தின் மேலேயே உரசிக்கொண்டு போகும். அப்போது அது கப்பி இல்லை, ஒரு மோசமான வளையம். நார் தேயும், ஒரு நாள் அறும்.

வல்வெட்டித்துறைக்காரர்களும் இதில் சளைத்தவர்கள் அல்லர். அங்கே கட்டிய ‘அன்னபூரணி’ என்ற இருமரப் பாய்க்கப்பலை ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கக் கடலோடி வாங்கி, மனைவி பெயரை அதற்குச் சூட்டி, வல்வெட்டித்துறை மாலுமிகளோடு அனுப்பிவைத்தார். அது 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. சூயஸ் தாண்டி, அட்லாண்டிக் தாண்டி, தமிழர் கைப்பட்ட கப்பியும் கயிறும் அத்தனை தூரம் தாங்கியிருக்கின்றன. அந்த மாலுமிகள் ஒவ்வொரு சாமானுக்கும் என்ன தமிழ்ப் பெயர் சொன்னார்கள் என்பதை அங்கே யாராவது உட்கார்ந்து எழுதி வைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

தோணிக்கு எஞ்சின் வந்தது. பாய் போயிற்று. பாயோடு ஆஞ்சானும் தாமானும் பேச்சிலிருந்து போய்விட்டன. என் மகனுக்கு இந்தச் சொற்கள் தெரியாது. அந்தப் பெண்ணுக்கு ஹேல்யார்ட், ஷீட் என்று இங்கிலீஷில் எல்லாம் தெரியும், தமிழில் ஒன்றும் தெரியாது. நான் ஆஞ்சான் என்று சொன்னதும் சிரித்தாள். “ஆஞ்சநேயரா மாமா?” என்றாள். பிறகு நோட்டில் எழுதிக்கொண்டாள்.

சரி, போன வளையம் ஏன் திரும்பி வந்தது? வளையம் மாறியதால் என்று நினைத்தால் தவறு. கயிறு மாறியதுதான் காரணம். நெதர்லாந்தில் டி.எஸ்.எம். நிறுவனத்தார் 1979இல் ஒரு புதிய நாருக்கான செய்முறையைக் கண்டுபிடித்தார்கள். டைனீமா என்ற பெயரில் அது 1990 வாக்கில் சந்தைக்கு வந்தது. பாலிதீனின் உறவுதான், நம் கடையில் கொடுக்கும் கவரின் ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். எடைக்கு எடை பார்த்தால் எஃகைவிடப் பலமடங்கு வலிமை. தண்ணீரில் மிதக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, சோப்புத் தடவியது போல வழுக்கும். கட்டிய முடிச்சே நழுவிவிடும் என்பதால், நுனியைக் கயிற்றுக்குள்ளேயே நுழைத்துப் பின்னி வைக்கிறார்கள்.

இப்போது பழைய கணக்கைத் திரும்பப் போடுங்கள். வழுக்கும் நார், மெருகேற்றிய உலோகம், உராய்வுக் கெழு 0.1 என்போம். 30 டிகிரி திருப்பத்தில் 100 கிலோவுக்கு 95 கிலோ போய்ச் சேருகிறது. நல்ல குண்டு பேரிங் கப்பியோடு கிட்டத்தட்டப் போட்டி போடும் கணக்கு. விலையோ குறைவு, எடையும் குறைவு. மணல் புகுந்து சிக்குவதற்கு உள்ளே ஒன்றும் இல்லை. இதைவிட முக்கியமானது, கப்பி உடைந்தால் என்ன ஆகும் என்பது. கயிறு முழுசாகத் திரும்பும் இடத்தில் கயிற்றின் இழுவையைப்போல இரு மடங்கு பாரம் கப்பியின் மேல் விழுகிறது. அத்தனையும் ஒரே ஓர் அச்சாணியில். அது முறிந்தால் உலோகத் துண்டு துப்பாக்கிக் குண்டு மாதிரி பறக்கும், பக்கத்தில் நிற்பவன் தலை தப்புவது அதிர்ஷ்டம். வளையத்தில் முறிய அச்சாணி இல்லை.

இந்த இடத்தில் நம் கேரளத்து மாலுமி அபிலாஷ் டோமியைச் சொல்லாமல் போக முடியாது. 1968இல் நடந்த முதல் தனியாள் உலகச் சுற்றுப் பந்தயத்தின் நினைவாக நடத்தும் கோல்டன் குளோப் பந்தயத்தில், அந்தக் காலத்துச் சாமான்களோடுதான் போக வேண்டும் என்பது நிபந்தனை. டைனீமா வகை உயர்வலு நார்கள் கூடாது. ஆகவே புதிய கயிற்றுக்கு ஏற்ற வளையத் தந்திரங்கள் அங்கே பெரிதாகச் செல்லாது. கப்பிதான் துணை. 2018 செப்டம்பரில் தென் இந்தியப் பெருங்கடலில் புயல் அவர் படகு ‘துரியா’வைப் புரட்டிப் போட்டது. பாய்மரம் முறிந்தது, முதுகெலும்பில் அடி. பிரெஞ்சுக் கப்பல் ஒன்று அவரை மீட்டது. அவர் 2022இல் மறுபடியும் புறப்பட்டு, 236 நாள் தனியாகக் கடலில் இருந்து, 2023 ஏப்ரலில் இரண்டாவதாக வந்து சேர்ந்தார். 2024 அக்டோபர் முதல் 2025 மே வரை ‘தாரிணி’யில் உலகைச் சுற்றி வந்த கடற்படை அதிகாரிகள் இருவரில் தில்னா கேரளத்துக்காரர், ரூபா புதுச்சேரிக்காரர். அந்தப் பெண் என்னிடம் வந்ததற்கு இவர்கள் இருவரும்தான் மூல காரணம் என்று பிறகு தெரிந்தது.

அவளையும் கூட்டிக்கொண்டு ஒரு நாள் சாலைக் கம்போளத்துக்குப் போனேன். திவான் கேசவதாஸ் காலத்திலிருந்து நடக்கும் கடைத்தெரு. ஊசி முதல் உரல் வரை கிடைக்கும் என்று பெயர். இரும்புச் சாமான் கடை அண்ணாச்சி கிணற்றுக் கப்பி, லாரித் தார்ப்பாய்க் கொக்கி, கம்பிக் கயிற்றுக்குப் போடும் கண் எல்லாம் எடுத்துப் போட்டார். அலுமினிய வளையம் இல்லை. “சக்கரம் இல்லாத கப்பியா? அது நம்ம வலைக்காரங்க கேக்கற பித்தளை வளையம்லா?” என்றார்.

எனக்கு அது உடனே பிடிபட்டது. 1980களில் கேரளக் கரையில் பரவிய சுருக்குவலையை நினைத்துப் பாருங்கள். மீன் கூட்டத்தை வட்டமாக வளைத்துவிட்டு, வலையின் அடியை ஒரு கயிற்றால் சுருக்கி மூடுவார்கள். அந்தக் கயிறு ஓடுவது வலையின் அடியில் வரிசையாகத் தொங்கும் பித்தளை வளையங்கள் வழியாக. அத்தனை இடத்திலும் கப்பி வைத்தால் காசுக்கும் கட்டாது, மணலில் புதைந்து சிக்கியும் போகும். விழிஞ்ஞத்துக்கும் வலியதுறைக்கும் இங்கே கோட்டை வாசலிலிருந்துதான் பஸ் ஏறுகிறோம். மியோஸ் ஹோர்மோஸ் பாயிலிருந்த ஏற்பாடு அந்தப் பஸ் போய் நிற்கும் கடலில் இன்றும் தண்ணீருக்கடியில் நடந்துகொண்டிருக்கிறது!

பித்தளை வளையம் ஒன்றை வாங்கி வந்து, வீட்டு ஜன்னல் கம்பியில் கட்டி, பழைய ஸ்பிரிங் தராசுகள் இரண்டை வைத்து இழுத்துப் பார்த்தோம். நைலான் கயிறு, தேங்காய் நார்க் கயிறு, அவள் கொண்டுவந்த ஒரு முழ டைனீமா. ஆய்லர் ஏமாற்றவில்லை. நார்க் கயிற்றைப் பாதி வட்டம் திருப்பியபோது இரண்டாவது தராசின் முள் எழுந்திருக்கவே சோம்பல் பட்டது.

அவள் படகுக்கு நான் சொன்னது இதுதான். பாய்மர உச்சியில் ஆஞ்சான் திரும்பும் இடத்தில் சக்கரத்தை எடுக்காதே. தாமானுக்கு நாலு திருப்பம் போட்டு நாலு மடங்கு பலன் எடுக்கிறாயே, அதிலும் கைவைக்காதே. அத்தனையும் வளையமாக்கினால் டைனீமாவிலேகூட 73, 53, 39, 28 என்று ஒவ்வொரு திருப்பத்திலும் குறைந்து, கூட்டினால் 193தான் வரும். 400 வர வேண்டிய இடம் அது. பாதிக்கு மேல் போச்சு. மெல்லக் காற்றடிக்கும் நாளில் கயிற்றை விட்டால் தானாக ஓடவும் ஓடாது. முன்பாயின் தாமானை லேசாக உள்ளே சாய்த்துப் பிடிக்கிற இடம், பாயைச் சுருக்கும் கயிறு ஓரமாக வழிகாட்டப்படும் இடம், ஒருமுறை இழுத்துக் கட்டிவிட்டு மறந்துவிடும் இடம், இவற்றுக்கெல்லாம் வளையம் போடு. சாதாரணப் பாலியெஸ்டர் கயிறாக இருந்தால் இந்த இடங்களிலும் ஒரு தடவை யோசி.

“அப்ப டைனீமா போட்டா பயமே இல்லையா?” என்றாள். உண்டு. அந்த நார் 150 டிகிரி செல்சியஸை எட்டுமுன்பே உருகிவிடும். பாரத்தோடு வேகமாக வளையத்தில் உரசிக்கொண்டு ஓடினால் சூடேறி மேல்நூல் பளபளவென்று இளகி ஒட்டிக்கொள்ளும். வழுக்கும் என்பதற்காக விருட்டென்று கையை விடக் கூடாது. வளையத்தை எஃகுக் கொக்கியில் நேராக மாட்டக் கூடாது, உப்புத் தண்ணீரில் அலுமினியத்தை எஃகு தின்றுவிடும். கயிற்றுக் கண்ணி போட்டுத்தான் கட்ட வேண்டும். மாதம் ஒருமுறை வளையத்தின் உள்பக்கம் கொஞ்சம் பஞ்சை வைத்துத் தேய்த்துப் பார்க்க வேண்டும். பஞ்சு எங்காவது மாட்டினால் அங்கே கீறல் விழுந்திருக்கிறது, அந்தக் கீறல் கயிற்றை அரத்தைப் போல அறுக்கும்.

அவள் கடைசியில் ஐந்து வளையமும் ஆறு கப்பியும் எழுதிக்கொண்டு போனாள். பட்டியலில் ஹேல்யார்ட் என்ற இடத்தில் பென்சிலால் ஆஞ்சான் என்று எழுதியிருந்தது.